டாங்கி மேல் சூடம்

சொல்தா சிங்காரவேலுவுக்கு வலது கை பிரான்சு தேசத்துச் சண்டையில் போனது, ஜெர்மன்காரன் குண்டு பட்டது என்று வில்லியனூர் ரயிலடிப் பக்கம் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். சுத்தப் புளுகு. என் தாய்மாமன் அந்தச் சண்டையிலிருந்து முழு உடம்போடுதான் கப்பலேறி வந்தார். அவர் கை போனது பாகூரில், கரும்பாலையில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது. போக்கியவர்களுக்கு ஜெர்மன் குண்டுக் கதை வசதியாக இருந்தது. மாமாவும் மறுத்துப் பேசியதில்லை, பேச்சே அவருக்கு வராது. எனக்கு வரும். நடந்தபோது நான் அம்மா வயிற்றில் ஏழு மாசம். ஆனால் என் அம்மா தையலம்மாள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அதனால் ஊரில் அவருக்குச் சொல்தா என்று பேர், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். திரும்பி வந்து வில்லியனூரில் ஒரு கொட்டகை போட்டு, புதுச்சேரிக்கும் பாகூருக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு கார்களைப் பழுது பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் கைதான் நீளும். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றிய ஒரு புண்ணியவானை, அவன் கொண்டுவந்த புனலாலேயே மண்டையில் சாத்தி அனுப்பினார். அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு ஒருநாள், கொட்டகையில் கிடந்த காலி பெட்ரோல் டின்னைத் தேய்த்து, வெந்நீர் போட அடுப்பில் வைக்கப் போனாள். மாமா பாய்ந்து வந்து டின்னை ஒரு உதை, அவளுக்குக் கன்னத்தில் ஒரு அறை. "காலியா கீதுன்னுதான் சொல்றேன், காலிதான்டி ஆளைக் கொல்லும்!" என்று கத்தினார். உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும் என்று நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அந்த அறையை அம்மா நெடுநாள் மன்னிக்கவில்லை, ஆனால் சொன்னதை மறக்கவும் இல்லை.

என் அப்பா குழந்தைவேல் பாகூரில் ஜெகநாதன் என்ற நிலக்காரரிடம் டிரைவர். அப்பா அம்மாவை அடிப்பார். இதை மூடி மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ஒருமுறை அவள் வீங்கிய கண்ணோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாமா அன்றைக்கே பாகூர் போய், அப்பாவை மயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார். ஒரு பல் விழுந்தது. ஊரே நல்லா வேணும் என்றது. எனக்கு மாமா மேல் இதில் கோபம்தான். அந்த அடியின் எரிச்சலை அப்பா யார் மேல் காட்டுவார் என்று அவர் யோசித்தாரா? அம்மாதான் அதையும் சேர்த்து வாங்கினாள். அதற்குப் பிறகு மச்சானும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜெகநாதனின் கார் மிகவும் பழையது. அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் பெட்ரோல் டாங்கி பின்னால் இருக்காது. முன்னால், ஓட்டுகிறவன் முழங்காலுக்கு மேலே, இஞ்சினுக்கு இந்தப் பக்கம் பொருத்தியிருக்கும். மேலேயிருந்து பெட்ரோல் தன் பாரத்தாலேயே மெல்லிய செம்புக் குழாய் வழியாக இறங்கிக் கார்புரேட்டருக்குப் போகும். அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் வண்டி ஒழுகுகிற கொட்டகையில் கிடந்தது. டாங்கி மூடிக்குள் தண்ணீர் இறங்கியது. மழை விட்டதும் மாமாவிடம் காட்டினார்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மாமா, "உள்ள துருப் புடிச்சிக் கீது. டாங்கியையும் குழாயையும் மாத்திடுங்க, இல்லன்னா நடுரோட்ல நிக்கும்" என்றார். புதுசாக ஒரு டாங்கி செய்வதற்குப் புதுச்சேரித் தகரக்காரனிடம் சொல்லியும் வைத்தார். ஜெகநாதன் சிரித்தார். "ஓடுற வண்டிக்கு எதுக்குடா புது வயிறு?" என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார். செய்த டாங்கி மாமா கொட்டகையில் தொங்கியது.

மாசியில் கொம்யூன் தேர்தல், அதாவது ஊராட்சித் தேர்தல், வந்தது. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் தேர்தல் எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டைவிட உருட்டுக்கட்டைதான் அதிகம் விழும். யார் ஆட்கள் ஓட்டுச் சாவடியை முதலில் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். ஜெகநாதன் ஒரு கட்சி. அன்று காலை அவருடைய தம்பி ஆதிமூலம் நாலு தடியாட்களை ஏற்றிக்கொண்டு சாவடிக்குப் புறப்பட்டார். அப்பா ஓட்டினார். பாகூர் ஏரிக்கரை மேல் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் கரைக்குக் கீழே பனந்தோப்பில்தான் கூடியிருந்தார்கள். தடியாட்கள் நாலு பேரும் குதித்து ஓடிவிட்டார்கள். ஆதிமூலத்தை வண்டிக்குள்ளிருந்து இழுத்து மண்டையைப் பிளந்தார்கள். அப்பா வண்டிக்கு அடியில் புகுந்து உயிர் தப்பினார். மேலேயிருந்து ரத்தம் தன் முதுகில் சொட்டியது என்று பின்னாளில் ஒருமுறை சொன்னார்.

தம்பியை எரித்துவிட்டு வந்த ஜெகநாதன், டாங்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டுக் கிளறினார். குச்சி நுனியில் செம்பழுப்பாக, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. பாகூர்க்காரர்களுக்கு அந்த நிறத்தில் ஒன்றுதான் தெரியும். "வெல்லப்பாகு!" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் வெல்லப்பாகு என்றார்கள். எதிர்க்கட்சிக்காரன் சொல்லி டிரைவர்தான் ஊற்றியிருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. வெல்லம் காய்ச்சிப் பிழைக்கிற ஊர் அது. ஒருத்தனாவது அதை நாக்கில் வைத்துப் பார்த்தானா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவை ஆலைக்கொல்லையில் ஒரு தென்னைமரத்தில் கட்டினார்கள். கருமாதி முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அதுவரை போகிறவன் வருகிறவன் எல்லாம் அடித்தான். கருமாதி முடிந்த அன்று ஜெகநாதன் தீர்ப்புச் சொன்னார். பாகு ஊற்றிய கையைக் கரும்பாலையில் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. பாகூரில் அப்போது இரும்பு உருளை மூன்று வைத்த ஆலை, மாடு கட்டிச் சுற்றுவது. கரும்பு கொடுக்கிறவன் கொஞ்சம் அசந்தால் விரல் போகும். முழுக் கையையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா ஒரு வைக்கோல் வண்டியில் ஏறி வில்லியனூருக்குப் போய் அண்ணன் காலில் விழுந்தாள்.

"உன்னை அடிச்ச கைதானே? போவட்டும்" என்றார் மாமா.

"அந்தக் கை போச்சுன்னா எனக்குச் சோறு இல்ல அண்ணே. வவுத்துல கீற இதுக்கும் இல்ல. அவுரு எதையும் ஊத்தல. பயந்தாங்கொள்ளி அவுரு, அவ்ளோ தைரியம் ஏது?"

மாமா கொட்டகைக்குள் போனார். அந்த நேரத்தில்தான் ஜெகநாதனின் ஆள் வந்து சேர்ந்தான். அவர் புதுச்சேரிக்குப் போய் வக்கீலைப் பார்க்க வேண்டும், டாங்கியை எடுத்துக்கொண்டு உடனே வந்து மாற்றிக் கொடு என்பது சேதி. மாமா டாங்கியையும் ஒரு சுருள் செம்புக் குழாயையும் சாக்கில் கட்டித் தோளில் போட்டார். அந்த ஆள் வந்த வண்டியிலேயே அண்ணனும் தங்கையும் பாகூருக்குப் புறப்பட்டார்கள்.

கார் ஆலைக்கொல்லையில்தான் நின்றது. ஜெகநாதன் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். "டேய் சொல்தா, வண்டி ஸ்டார்ட் ஆவணும். ஆனதும் உன் மச்சான் கையை ஆலையில குடுப்பாங்க. பாத்துட்டுத்தான் நான் ஏறுவேன்" என்றார்.

மாமா டாங்கி மூடியைத் திறந்தார். "இது துருங்க. பாகு இல்ல. ஐப்பசியிலயே சொன்னேனா இல்லையா?"

"தங்கச்சி புருசனுக்கு நீ வேற இன்னா சொல்லுவ?"

அந்த மனுஷனால் துரு என்று ஒத்துக்கொள்ள முடியாது. ஒத்துக்கொண்டால், புது டாங்கி வேண்டாம் என்று சொன்ன தானேதான் தம்பியைக் கொன்றவன் என்று ஆகிவிடும். அதைச் சுமக்க ஒரு ஆள் தேவைப்பட்டான். மாமாவுக்கு இது புரிந்ததா என்று தெரியாது. வாயால் சாதிக்க முடியாது என்பது மட்டும் புரிந்திருக்கும். குனிந்து வேலையைத் தொடங்கினார்.

பழைய டாங்கியிலிருந்த பெட்ரோலைத் துணியில் வடிகட்டி டின்னில் பிடித்தார். துணியில் பழுப்புச் சேறு நின்றது. இரும்புப் பட்டைகளைக் கழற்றி டாங்கியை இறக்கி, கொல்லை ஓரமாகத் தள்ளி வைத்தார். புது டாங்கிக்கு அடியில் கம்பளித் துண்டு வைத்துப் பட்டை போட்டு இறுக்கினார். பழைய செம்புக் குழாயில் வாய் வைத்து ஊதினார், காற்றுப் போகவில்லை. புதுக் குழாயை ஆலை அடுப்பில் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, முழங்காலில் வைத்து வளைத்தார். கார்புரேட்டரைப் பிரித்தால் கிண்ணம் நிறையச் சேறு. ஊசித்துளை அடைத்திருந்தது. கம்பி விட்டால் துளை கெட்டுப்போகும் என்று குதிரைவால் மயிரை விட்டு விட்டு எடுத்தார். சரியாக இருந்த நட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். வேலை முடிந்தால் மச்சான் கை போய்விடும். அதனால் அன்று என் மாமா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாக வேலை செய்தார். அம்மா வெல்ல அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மரத்தில் கட்டியிருந்தபடியே கத்தினார். "நான் ஊத்தல எஜமான்! சூடம் ஏத்துங்க, அணைச்சிச் சத்தியம் பண்றேன். அந்த டாங்கி மேலயே ஏத்துங்க!"

எங்கள் பக்கத்து வழக்கம் இது. எதைப் பற்றி வழக்கோ அந்தப் பொருளின் மேலேயே சூடம் கொளுத்தி, எரிகிறபோது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குலம் விளங்காது என்பார்கள். நிலத்தகராறில் மண் மேல் ஏற்றுவார்கள், மாட்டுத்தகராறில் கட்டுத்தறி மேல் ஏற்றுவார்கள். டாங்கி மேல் ஏற்றலாம் என்பது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அதில்தான் ஒரு சொட்டும் இல்லையே, வடித்துவிட்டதை எல்லாரும் பார்த்தார்களே.

ஜெகநாதன் யோசித்தார். செத்துப்போன ஆதிமூலத்தின் பெண்சாதி கஸ்தூரி, வெள்ளைச்சேலையோடு கொல்லையை ஒட்டிய வீட்டு வாசலில் நின்றவள், "ஏத்தட்டும். நானே ஏத்துறேன்" என்றாள். அவள் கேட்டால் மறுப்பதற்கு அங்கே எவனுக்கும் வாயில்லை. ஒரு கட்டி சூடத்தை வெற்றிலையில் வைத்துக் கொளுத்திக்கொண்டு டாங்கியை நோக்கி நடந்தாள். அப்பாவின் கட்டை அவிழ்க்க ஒருவன் போனான்.

மாமா அப்போது வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயின் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு நடுவே அவள் காலையும், கையில் எரிகிற சூடத்தையும் பார்த்தார். எழுந்து ஓடினார். வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதானே. கஸ்தூரியின் கையில் ஓங்கி ஒரு அடி. சூடம் எங்கோ பறந்தது. அவளையும் பிடித்துத் தள்ளினார். கல்லில் நெற்றி மோதி அவளுக்கு ரத்தம் வந்தது.

புருஷனைப் பறிகொடுத்து ஈரம் காயாத பெண்ணை ஒருவன் கைநீட்டி அடித்துவிட்டான். பத்துப் பேர் மாமா மேல் விழுந்தார்கள். கட்டையால் அடித்தார்கள், கரும்பால் அடித்தார்கள், மிதித்தார்கள். அவர் அடியில் கிடந்தபடி, "காலி டாங்கிடா! அதுதான்டா வெடிக்கும்! உள்ள ஆவி கீதுடா!" என்று கத்தினார். ஒருவன் சிரித்தான்.

"எங்க வூட்டுப் பொம்பளை மேல பட்டுச்சே, எந்தக் கை? வலதா?" என்றார் ஜெகநாதன். "அதை மொதல்ல குடுங்க."

நாலு பேர் பிடித்தார்கள். ஒருவன் மாட்டை அதட்டினான். பச்சைக் கரும்பு நொறுங்குகிற அதே சத்தம்தான் கேட்டது என்று அம்மா சொல்வாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் கரும்பைக் கடித்ததில்லை. பொங்கலுக்கு வாங்கி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாட்டைப் பின்னால் தள்ளிக் கையை எடுத்தபோது மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாமா ஆலைக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தார், மயக்கம்கூட வரவில்லை.

"இப்ப சத்தியம் நடக்கட்டும். சூடம் கொண்டாங்கடா" என்றார் ஜெகநாதன்.

அப்பா டாங்கியைப் பார்த்தார். மச்சான் கத்தியது அவர் காதில் விழுந்திருந்தது. "வேணாம் எஜமான். டாங்கி மேல வேணாம். தரையில ஏத்துங்க, பண்றேன்."

"பாத்தீங்களாடா? இப்ப பின்வாங்குறான்! இவனையும் கொண்டாங்க."

அப்பாவையும் ஆலைக்கு இழுத்தார்கள். கூட்டம் முழுவதும் ஆலையைச் சுற்றி நின்றது. கொல்லை ஓரத்து டாங்கிப் பக்கம் யாரும் இல்லை. அம்மா எழுந்தாள். கன்னத்தில் வாங்கிய பழைய அறை அப்போது ஞாபகம் வந்ததாம். வெல்ல அடுப்பின் வாயிலிருந்து எரிகிற கரும்புச் சோகை ஒரு கத்தை உருவினாள். சக்கைக் குவியலுக்குப் பின்னால் நின்று, "எஜமான், எம் புருசனுக்காக நான் ஏத்துறேன் சூடம்!" என்று சொல்லி டாங்கி மேல் வீசிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தாள்.

ஏரிக்கரை வரை கேட்டதாம் அந்த வெடி. டாங்கி மூட்டுவாய் பிளந்து உயரே போனது. தகரத்தில் ஒரு துண்டு ஜெகநாதன் கன்னத்தைக் காதுவரை கிழித்துக்கொண்டு சென்றது. மாடுகள் நுகத்தை முறித்துக்கொண்டு ஓடின. அப்பாவைப் பிடித்திருந்தவர்கள் அவரை விட்டுவிட்டுத் தரையில் படுத்தார்கள்.

முதலில் எழுந்தவள் கஸ்தூரி. தான் நிற்கவிருந்த இடத்தில் மண் கருகிக் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு போய், பிளந்து கிடந்த தகரத்தின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். துப்பினாள். அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு ஜெகநாதன் முன்னால் வந்து நின்றாள்.

"வெல்லம் இல்ல, துரு. நீங்களும் நாக்குல வெச்சிப் பாருங்க."

ஜெகநாதன் வைக்கவில்லை. ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பா மாமாவைத் தூக்கிக் காரில் போட்டு, டின்னில் பிடித்து வைத்திருந்த பெட்ரோலைப் புது டாங்கியில் ஊற்றினார். அம்மா சேலையைக் கிழித்துக் கையைக் கட்டினாள். புதுக் குழாயின் கடைசி நட்டு பாதியில் நின்றதால் பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா கதவோரம் குனிந்து கையை விட்டு, பதற்றத்தில் அதை எதிர்ப்பக்கம் திருப்பினார். மாமா வண்டிக்குள்ளிருந்து எட்டி, இடது கையால் அப்பா பிடரியில் ஒன்று வைத்தார். "இந்தப் பக்கம் திருப்புடா!" அத்தனை வேதனையிலும் அது நல்ல அடி என்று அப்பா சொல்வார். வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆயிற்று. புதுச்சேரி ஆஸ்பத்திரி வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை. மிச்சமிருந்ததை அங்கே மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

வழக்கு ஒன்றும் நடக்கவில்லை. தேர்தலில் ஜெயித்தது ஜெகநாதன் கட்சி. அப்பா பாகூரை விட்டு வந்து மாமாவோடு கொட்டகையில் சேர்ந்தார். மாமா வலது கையில்லாமல் சொல்லிக்கொடுப்பார், அப்பா செய்வார். தப்புச் செய்தால் இடது கையால் அடி விழும். சண்டை போடாத நாள் கிடையாது, ஆனால் பிரிந்தும் போகவில்லை.

எனக்கு விவரம் தெரிந்த பிறகு ஒருநாள், அம்மா கொட்டகைக்குச் சோறு கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். குழம்பில் உப்பு இல்லை என்று அப்பாவுக்குக் கோபம். தூக்கு வாளியைத் தள்ளிவிட்டு அம்மா மேல் கையை ஓங்கினார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எழுந்து அப்பாவைப் புரட்டி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அம்மாவும் அசையவில்லை. "அடி. ஆனா அது உன் கைன்னு நெனச்சிக்கினு அடிக்காத" என்றாள். "உன் கை அன்னிக்கே ஆலையில போவ வேண்டியது. எங்கண்ணன் தன் கையைக் குடுத்துட்டு வந்தாரு. நீ ஓங்கிக்கினு கீறது அவுரு கை."

அப்பாவின் கை அப்படியே நின்றது. ஒருமுறை அதைப் பார்த்தார், ஒருமுறை மாமாவின் மொட்டை மணிக்கட்டைப் பார்த்தார். கை தானாகக் கீழே இறங்கியது. மாமா இடது கையால் ஸ்பேனரை நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். அதற்குப் பிறகு அந்தக் கை அம்மா மேல் பட்டதில்லை.